தூரத் தீவுக்கு விடுமுறை: பணம் கட்டிய பிறகு தெரியவரும் தவறுகள்

தூரத்துத் தீவு ஒன்றுக்கு விடுமுறை போக நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது அறையின் படத்தை. தண்ணீருக்கு மேல் தூண்களில் நிற்கும் வில்லா, படியில் இறங்கினால் நீலக் கடல். படம் பிடித்துவிட்டால் அடுத்தது விமான டிக்கெட், அதிலும் மலிவானது. மற்றதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நகரப் பயணம் என்றால் இப்படிப் போனாலும் சமாளித்துவிடலாம். ஹோட்டல் பிடிக்கவில்லையென்றால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கும். ரிசார்ட் தீவில் அது நடக்காது. மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். சாப்பாடு, படகு, மருத்துவர் எல்லாமே அவர்கள் ஏற்பாடு செய்ததுதான்.

அதனால் முடிவெடுக்கும் வரிசையையே திருப்பிப் போட வேண்டும் என்பேன். முதலில் எந்த மாதம், அப்புறம் தீவின் எந்தக் கரை, அப்புறம் விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்ச்சேரும் வழி, அதற்கு ஒத்துவரும் விமானம், கடைசியாக அறை. கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வரிசை தலைகீழானதால் நேர்பவை.

மாதம் பார்க்காமல் தேதி குறிப்பது

வெப்பமண்டலத் தீவு என்றால் எந்த மாதம் போனாலும் வெயில்தானே என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பநிலை உண்மையிலேயே அதிகம் மாறாது. மாறுவது காற்றும் மழையும் கடலும். மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மொரீஷியஸ், ரீயூனியன் பக்கம் புயல் பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும், ஜனவரி முதல் மார்ச் வரை வேகம் அதிகம். கரீபியன் தீவுகளில் அதிகாரப்பூர்வமான புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரை ஒட்டி. அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் அரூபா, போனேர், குராசோ மூன்றையும் பாருங்கள். கரீபியனின் தென்கோடியில் இருப்பதால் புயல்களின் வழக்கமான பாதையிலிருந்து அவை விலகி நிற்கின்றன.

ஒரு ரிசார்ட் வழக்கத்தைவிட மிகவும் மலிவாகக் கிடைக்கிறதென்றால், ஏன் என்று பருவத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரிந்து வாங்கினால் அது நல்ல பேரமாகவும் இருக்கலாம். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்ற சிறு விரிகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மிதவை உயிரிகளை அதற்குள் தள்ளிக் குவிக்க, அவற்றைத் தின்ன மாண்டா திருக்கைகள் கூட்டமாக வரும். அதைப் பார்க்க மழைக்காலத்தில்தான் போக வேண்டும். வெறுமனே மணலில் படுத்திருக்க விரும்புபவருக்கு அதே மாதம் ஏமாற்றமாக இருக்கும். ஆக, எதற்காகப் போகிறோம் என்பது முடிவானால்தான் மாதம் நல்லதா கெட்டதா என்றே சொல்ல முடியும்.

ஒரே தீவு, வேறு வேறு கரை

என்னைக் கேட்டால் இதுதான் அதிகம் பேர் கவனிக்காத விஷயம். தீவின் பெயரையும் மாதத்தையும் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, கரையில் கோட்டைவிடுகிறார்கள்.

மொரீஷியஸில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் அடிக்கும். கிழக்குக் கரையில் குடை நிற்காது, கடல் கலங்கிக் கிடக்கும். அதே நாளில் மேற்கிலும் வடமேற்கிலும் தண்ணீர் அமைதியாக இருக்கும். அங்கே கோடையான நவம்பர் முதல் ஏப்ரல் வரை கதை மாறும்: புழுக்கத்துக்கு அந்தக் கிழக்குக் காற்றே இதமாக இருக்கும். சேஷெல்ஸின் லா டீக் தீவில் மே முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் கரையின் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் அலையும் நீரோட்டமும் ஆளை இழுத்துவிடும், நீந்தக் கூடாது. படங்களில் நாம் பார்க்கும் சூர்ஸ் தர்ஜான் கடற்கரை அதே தீவில், பவளத்திட்டின் மறைவில் ஆழமின்றி இருக்கிறது.

தான்சானியாவின் சான்சிபார் தீவில் பிரச்சினை காற்றைவிட ஓதத்தோடு, அதாவது கடல் நீர் ஏறி வடிவதோடு, சம்பந்தப்பட்டது. கிழக்குக் கரையில் பஜே, ஜம்பியானி பகுதிகளில் கடலடி மிகவும் தட்டையானது. நீர் வடியும்போது கடல் பல நூறு மீட்டர் பின்வாங்கிவிடும். படத்தில் பச்சையும் நீலமுமாக இருந்த இடத்தில் அப்போது ஈர மணலும், கணுக்கால் அளவுக் குட்டைகளும், கடற்பாசி வளர்க்க நட்ட குச்சிகளும், அவற்றின் நடுவே குனிந்து வேலை செய்யும் பெண்களும்தான் தெரிவார்கள். அதில் நடந்து போவது அருமையான அனுபவம், காலில் செருப்பு மட்டும் கட்டாயம். குட்டைகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும். ஆனால் நினைத்த நேரத்தில் நீந்த வேண்டும் என்று போனவருக்கு அது ஆறுதல் ஆகாது. வடமுனையில் உள்ள நுங்வி, கெண்ட்வா பகுதிகளில் கடல் அவ்வளவு தூரம் விலகாது. கிழக்கிலேயே தங்குவதென்றால் ஓத அட்டவணையைப் பாருங்கள். நீர் ஏறுவதும் வடிவதும் ஏறத்தாழ ஆறு மணி நேர இடைவெளியில் நடக்கும்; அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் மிக அதிகம். இந்த அட்டவணை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

விமான நிலையத்தில் இறங்கினால் வந்துவிட்டோம் என்று நினைப்பது

மாலத்தீவில் தூர ரிசார்ட்டுகளுக்குக் கடல் விமானத்தில் போக வேண்டும். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். ஏறத்தாழ பிற்பகல் 3.30 மணிக்குள் தலைநகர் மாலே வந்து சேராவிட்டால் அன்று தீவுக்குப் போவது சந்தேகம்தான். மலிவு டிக்கெட் உங்களை இரவு 8 மணிக்கு இறக்கிவிட்டால் மாலே பக்கம் ஓர் இரவு தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் இரட்டைச் செலவு. டிக்கெட் வாங்கும் முன்பே ரிசார்ட்டுக்கு எழுதி, இந்த நேரத்தில் இறங்கினால் அன்றே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்களா என்று கேளுங்கள். கடல் விமானத்தில் எடை வரம்பும் வேறு: பொதுவாகப் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. நீண்ட தூர விமானம் 30 கிலோ அனுமதித்தது என்று நிரப்பிக்கொண்டு வந்தால் கூடுதல் எடைக்குக் கட்டணம் கேட்பார்கள். நீச்சல் உடை, மருந்து, ஒரு மாற்றுடை மூன்றையும் கைப்பையில் வையுங்கள். சில நேரம் பெட்டிகள் அடுத்த விமானத்தில் வரும்.

விரைவுப் படகில் போகும் தீவென்றால் நேரக் கவலை குறைவு, ஆனால் அலை இருக்கும் நாளில் படகு தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதை யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்க இருக்கைகளில் அதிர்வு குறைவு.

பசிபிக்கில் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த போரா போரா தீவுக்கும் இதே கதைதான்: தலைநகர் பப்பேத்தேயில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானம், அதன் பிறகு படகு. போகும் வழியும் கவனம். அமெரிக்காவில் விமானம் மாறுபவர்கள், அங்கே தங்காவிட்டாலும் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும், அதற்கு விசாவோ முன் அனுமதியோ வேண்டும். பிரெஞ்சுப் பாலினேசியா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஷெங்கன் விசா அங்கே தானாகச் செல்லுபடியாகாது. பசிபிக்கில், தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும் தேதிக்கோடும் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் செவ்வாய் காலை ஏறினால் பப்பேத்தேயில் திங்கட்கிழமை இறங்குவீர்கள். ஹோட்டலை எந்தத் தேதிக்குப் போடுகிறோம் என்று இரண்டு முறை பாருங்கள்.

இன்னொன்று, தனித்தனி டிக்கெட். இரண்டு விமான நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. வாரத்தில் சில நாட்கள் மட்டும் விமானம் போகும் தீவுகளுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது. தனித்தனியாகத்தான் கிடைக்கிறதென்றால் நடுவில் ஓர் இரவு விடுங்கள்.

பயணத்துக்கே இவ்வளவு பாடு என்பதால், நான்கு இரவுக்காகக் கண்டம் தாண்டிப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். போகும் நாளும் வரும் நாளும் கழிந்து, தூக்கம் சரியாகும்போது புறப்பட வேண்டியிருக்கும். ஏழு இரவாவது இருக்கட்டும், வேண்டுமானால் மலிவான அறையில்.

அறை விலையை மொத்த விலையாக எடுத்துக்கொள்வது

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். மாலத்தீவில் சேவைக் கட்டணம் பொதுவாக 10 சதவீதம். அதன் மேல் சுற்றுலா வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம். பட்டியலில் 100 டாலர் என்று இருந்தது பில்லில் ஏறத்தாழ 129 டாலராகும். இது போக, ரிசார்ட்டில் தங்கும், இரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. நான்கு பேர் ஏழு இரவு தங்கினால் அது மட்டும் 336 டாலர். கடல் விமானக் கட்டணம் தலைக்குச் சில நூறு டாலர் வரும், அறை விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ரிசார்ட்டுகள் சிறப்பு விருந்துக்குக் கட்டாயக் கட்டணம் வாங்குகின்றன, நீங்கள் போய்ச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்.

காலை உணவு மட்டும் சேர்ந்த அறை மலிவாகத் தெரியும். வெளியே கடை இல்லாத தீவில் மதியமும் இரவும் ரிசார்ட் விலையில்தான் சாப்பிட வேண்டும். உணவுப் பட்டியலை விலையோடு முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்லாம் அடங்கிய திட்டம் சரியா இல்லையா என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

படத்தை நம்பி அறை எடுப்பது

தண்ணீர் வில்லா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகளோடு போனால் பெற்றோருக்கு ஓய்வே கிடையாது; கைப்பிடி இல்லாத படி நேராகக் கடலில் இறங்கும். சில ரிசார்ட்டுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை அதில் அனுமதிப்பதே இல்லை. கடற்கரை வில்லா எடுங்கள், செலவும் குறையும்.

மீன் பார்க்கப் போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளத்திட்டு உண்டா? படத்தில் வெளிர்நீலமாகப் பளபளக்கும் இடம் பெரும்பாலும் வெறும் மணல். நீந்தச் சுகம், மீன் குறைவு. பவளம் இருப்பது அடர்நீலம் தொடங்கும் விளிம்பில். அந்த விளிம்பு கிட்டத்தில் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கட்டித்தான் போக வேண்டும். படம் எப்போது எடுத்தது என்றும் கேளுங்கள். கடல் சூடேறிப் பவளங்கள் நிறமிழக்கும் பவள வெளிறல் உலகளவில் நான்காவது முறையாக நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய படத்தில் இருக்கும் நிறம் இப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

தாள்கள், மருந்து, காப்பீடு

விசா தேவையில்லை என்பதற்காக எந்த முன் வேலையும் இல்லை என்று ஆகாது. மாலத்தீவுக்கு இமுகா என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். சேஷெல்ஸுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். சான்சிபார் 2024 அக்டோபர் முதல் தன் அரசுக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது, கையில் வேறு காப்பீடு இருந்தாலும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு வழியாக வருபவர்களிடம் பல தீவுகள் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். அது ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் செல்லும். மாலத்தீவுக்குள் மதுபானம் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஹவாயில், பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன் விற்பது 2021 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எந்தத் தீவுக்குப் போனாலும் முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். குப்புற மிதந்து மீன் பார்க்கும்போது முதுகு கருகுவது தெரியவே தெரியாது.

காப்பீட்டை முன்பணம் கட்டும் அன்றே வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால், அந்தப் புயலால் வரும் இழப்புக்குப் பணம் கிடைக்காது. அவசரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அதில் அடக்கமா, ஸ்கூபா டைவிங் எத்தனை மீட்டர் ஆழம் வரை அடக்கம் என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள்.

டைவிங் செய்பவர்கள் திரும்பும் விமானத்தின் நேரத்தை வைத்தே நாட்களைப் பிரிக்க வேண்டும். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் பிடிக்கும். அதற்குள் விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால் அது குமிழிகளாகிப் பெரும் ஆபத்தில் முடியலாம். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பல டைவோ, பல நாட்கள் டைவிங்கோ என்றால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி விடச் சொல்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பு. இரவு விமானம் இருக்கும் நாளின் காலையில் ஆசைக்கு இன்னொரு டைவ் போடக் கூடாது. டைவிங்கை முதல் சில நாட்களிலேயே முடித்துக்கொண்டு, கடைசி நாளுக்கு மேற்பரப்பில் மிதக்கும் ஸ்நோர்க்லிங்கை வையுங்கள்; அதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.