முகத்தை மறைத்தால் போதாது

காட்பாடியில் சில இளைஞர்கள், வீட்டில் அடி உதை தாங்காமல் வெளியே வந்த பெண்களுக்குப் பழைய இரும்பில் சிற்பம் செய்யக் கற்றுத்தருகிறார்கள். போன வாரம் போஸ்டருக்கு எடுத்த படங்களைக் காட்டினார்கள். எட்டு வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு! கண்ணாடி போடு, செருப்பில் வராதே என்பதெல்லாம் எந்தப் பட்டறையிலும் சொல்வார்கள். அதை விடுகிறேன். செய்யக் கூடாத வேறு சிலதை மட்டும் சொல்கிறேன்.

ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) அப்படியே பற்றவைப்பது

மேலே இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும்; வெல்டிங் ஆர்க்கின் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்ஜுரம் வரும். மாஸ்க் போட்டுப் பூச்சைத் தேய்த்து எடுங்கள். ஷெட் கதவு திறந்திருக்கட்டும்.

ஷாக் அப்சார்பர், ராணிப்பேட்டை கெமிக்கல் டிரம்

வெடிக்கும். சூடு காட்டவே கூடாது.

படம் போடுவது

அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன். எங்கள் சத்துவாச்சாரி வகுப்பில் ஒரு அக்கா சைக்கிள் செயினில் கொக்கு செய்தார். செயின் துவண்டு விழும். கண்ணிக்குக் கண்ணி டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) வைத்து அந்தக் கழுத்தை வளைத்து நிறுத்த மூன்று நாள் ஆயிற்று. கடைசி டேக் வைக்கும்போது படம் எடுத்தேன். ஹெல்மெட்டுக்குள் முகம் துளியும் தெரியவில்லை. அந்த தைரியத்தில் ஃபேஸ்புக்கில் போட்டேன்.

கொக்கைப் பிடித்திருந்த இடது கையில் கிளவுஸ் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்திய மகன் பெயர். பின்னால் எதிர்க்கடை எடைமேடை போர்டு. கிளவுஸ் எங்கே என்று அன்றைக்குத் திட்டியிருந்தால் பச்சையாவது மறைந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். ரகளை எதுவும் இல்லை. "அவ நல்லாருக்காளா சார்?" என்றார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் சட்டென்று நின்றது. அவர் சிரித்தார்.

அன்று ராத்திரியே அக்கா தங்குமிடம் மாறினார். பையனுக்குப் பள்ளிக்கூடமும் மாறியது. எனக்கு இருநூறு லைக்.

"அவங்களே சரின்னாங்க" என்று காட்பாடித் தம்பிகளும் சொன்னார்கள். வெல்டிங் ராடும் சோறும் கொடுக்கிற ஆள் கேட்டால் அந்தப் பெண் எப்படி மாட்டேன் என்பார்? கேட்பதானால் வேறொரு பெண் கேட்கட்டும், ஒரு வாரம் கழித்து. 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் வழக்கையே மூடிய அறையில் விசாரிக்க வழி இருக்கிறது. நாம் என்னடாவென்றால் போஸ்டர் அடிக்கிறோம். சிற்பத்தை மட்டும் எடுங்கள், பின்னால் வெள்ளை வேட்டி கட்டி. கீழே 'அடிபட்ட பெண்ணின் கைவண்ணம்' என்றெல்லாம் எழுத வேண்டாம். கொக்கு என்று போட்டால் போதும்.

"நான் பேசி வீட்டுக்காரரோடு சேர்த்து வைக்கிறேன்"

வேண்டாம். பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது, மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அப்புறம், அந்த அலுவலர் எண்ணை அந்தப் பெண்ணின் போனில் வேறு பெயரில் சேமியுங்கள். எங்கள் வகுப்பில் அது 'கேஸ் சிலிண்டர் புக்கிங்'.