நீர் சேமிப்பு இலக்கு: கணக்கு பிசகும் இடங்கள்

“பத்தாண்டுகளில் 20 சதவீதம் குறைப்போம்” என்று ஒரு குடிநீர் வாரியம் அறிவித்தால் முதலில் கேட்க வேண்டியது, எதிலிருந்து 20 சதவீதம்? பெரும்பாலான இலக்குகள் இங்கேதான் சறுக்குகின்றன. வறட்சியில் மக்கள் ஏற்கெனவே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிய ஆண்டை அடிப்படையாக வைத்தால் இலக்கு எட்டாக்கனி. வெயில் கொளுத்தித் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ந்த ஆண்டை எடுத்தாலோ, அடுத்த மழையிலேயே யாரும் எதுவும் செய்யாமல் இலக்கு நிறைவேறிவிடும். நகர்ப்புறத் தனிநபர் நுகர்வை 2020-க்குள் 20 சதவீதம் குறைக்கச் சொன்ன கலிஃபோர்னியாவின் 2009 சட்டம், பல ஆண்டுகளின் சராசரியையே அடிப்படையாகக் கொண்டது.

அடுத்தது வகுத்தல் கணக்கு. நகருக்கு வழங்கிய மொத்தத் தண்ணீரை மக்கள்தொகையால் வகுத்து, அதையே ‘தனிநபர் நுகர்வு’ என்பார்கள். தொழிற்சாலை, ஓட்டல், குழாய்க் கசிவு எல்லாம் அதற்குள் அடக்கம். பெரிய ஆலை ஒன்று மூடப்பட்டால் எண் இறங்கும்; வீடுகளில் ஒரு சொட்டும் மிச்சமாகியிருக்காது. பிரித்துக் கணக்கிடுவதே நேர்மை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் 2008-இல் தொடங்கிய ‘இலக்கு 155’ இயக்கம், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டர் என்று வீட்டுப் பயன்பாட்டைப் பற்றிப் பேசியது. அதை எவரும் தம் மீட்டரைப் பார்த்துச் சரிபார்க்கலாம். சதவீதத்தை எந்த மீட்டரும் காட்டுவதில்லை.

வாரியம் தன் குழாய்களை விட்டுவிட்டு வாடிக்கையாளருக்கு மட்டும் இலக்கு வைப்பது இன்னொரு தவறு. ஊர் உறங்கும் அதிகாலை 2 முதல் 4 மணிக்குள் ஒரு பகுதிக்குள் பாயும் நீரை அளந்தாலே கசிவு ஏறத்தாழப் பிடிபட்டுவிடும். அதைச் செய்யாமல் துண்டுப்பிரசுரத்தில் சிக்கனம் போதித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். வீட்டுக் கசிவும் சின்ன விஷயமல்ல: நொடிக்கொரு சொட்டு ஒழுகும் குழாய் ஆண்டுக்குச் சுமார் 10,000 லிட்டரைக் குடித்துவிடும். கழிப்பறைத் தொட்டியின் கசிவு சத்தமே இல்லாமல் அதைவிடவும் அதிகமாகப் போகலாம். தொட்டியில் உணவு நிறமியைச் சில சொட்டு விட்டு, கால் மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் வைத்திருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு பழுது.

நெருக்கடிக்கால அளவை நீண்டகால இலக்காக்கவும் கூடாது. 2018 பிப்ரவரியில் வறட்சியில் தவித்த தென்னாப்பிரிக்க நகரம் கேப் டவுன் ஒருவருக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று வரம்பு விதித்தது. அது ஆபத்துக்கால வைத்தியம். குளித்த நீரை வாளியில் பிடிக்கும் பழக்கம் மழை வந்ததும் பலரிடம் தளர்ந்துவிடும். 13 லிட்டர் தொட்டிக்குப் பதில் பொருத்திய 6 லிட்டர் தொட்டியோ யாருடைய மன உறுதியையும் நம்பி இருப்பதில்லை. நீண்டகால இலக்கை இத்தகைய மாற்றங்களின் மேல்தான் கட்ட வேண்டும்.

கடைசியாக, வாரியங்கள் வாய் திறக்கத் தயங்கும் கட்டண விவகாரம். விற்பனை குறைந்தாலும் குழாய், பம்ப், ஊழியர், கடன் தவணை ஆகிய செலவுகள் பெரும்பாலும் குறையாது. எனவே கட்டணம் உயரும், “சேமித்ததற்குத் தண்டனையா?” என்ற கேள்வியும் எழும். சேமிக்காவிட்டால் புதிய நீராதாரத்துக்கு ஆகியிருக்கும் செலவு எவ்வளவு, சேமிப்பால் அந்தச் செலவு எத்தனை ஆண்டு தள்ளிப்போகிறது என்பதை இலக்கை அறிவிக்கும் நாளிலேயே எண்களோடு சொல்லிவிட வேண்டும். உயர்ந்த பில் கைக்கு வந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.