சீன ராக்கெட் கம்பெனியில் பணம் போடுமுன்

ராக்கெட் கிளம்பும் வீடியோ ஒன்று வாட்ஸப்பில் வந்தால் போதும், பின்னாலேயே "எதை வாங்கலாம்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. சீனத் தனியார் விண்வெளிக் கம்பெனிகளின் கணக்குகளைப் படிப்பது என் வேலை. ஆரம்பத்தில் நானும் கேட்ட கேள்விதான் இது. பணத்தைப் பிரித்துப் போடுங்கள் என்ற பாலபாடம் இங்கே வேண்டாம். இந்தத் துறையில் பணம் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முதல் ஏவலிலேயே மயங்குவது

இன்னமும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 2019 ஜூலையில் ஐஸ்பேஸ் என்ற சீனக் கம்பெனியின் ஹைப்பர்போலா-1 ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. சீனத் தனியார் கம்பெனி எதுவும் அதற்கு முன் அதைச் செய்ததில்லை. அடுத்த ஆண்டே முதலீட்டாளர்கள் சுமார் 120 கோடி யுவானைக் கொட்டினார்கள். அப்புறம் 2021 பிப்ரவரி, ஆகஸ்ட், 2022 மே என்று வரிசையாக மூன்று தோல்விகள். மறுபடி வென்றது 2023 ஏப்ரலில்.

சரி, ராக்கெட் தொழிலில் தோல்வி சகஜம். அந்த ராக்கெட் எவ்வளவு தூக்கும் என்று யாருமே கேட்கவில்லையே என்பதுதான் என் ஆத்திரம். சுமார் 300 கிலோ, அவ்வளவுதான். சீனாவில் பெரிய ஆர்டர் இருப்பதோ குவோவாங், சியான்ஃபான் என்ற இரண்டு இணையச் செயற்கைக்கோள் திட்டங்களில். ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல் ஏற்றப் போகிறது. சியான்ஃபானின் முதல் 18 செயற்கைக்கோள்கள் 2024 ஆகஸ்டில் ஒரே ஏவலில் போய்ச் சேர்ந்தன, அதுவும் அரசின் லாங் மார்ச்-6ஏ ராக்கெட்டில். மினி வேன் வைத்திருப்பவர் லாரி லோடுக்கு டெண்டர் போட முடியுமா?

இன்னொரு தனியார் கம்பெனியான லேண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-3 பெரிய ராக்கெட்தான். 2025 டிசம்பரில் சுற்றுப்பாதைக்கும் போனது. ஆனால் திரும்பி வந்து நிற்க வேண்டிய முதல் கட்டம், அதாவது ராக்கெட்டின் அடிப்பகுதி, தீப்பிடித்து விழுந்தது. அது பத்திரமாக இறங்கி, மறுபடி பறந்தால்தான் செலவு குறையும். எனவே எத்தனை கிலோ, ஆண்டுக்கு எத்தனை ஏவல், யாருடைய ஆர்டர் என்று கேளுங்கள். வீடியோ இதில் எதையும் சொல்லாது.

"தனியார்" என்ற சொல்லை நம்புவது

குவோவாங் மத்திய அரசுக் கம்பெனியின் திட்டம். சியான்ஃபானுக்குப் பின்னால் ஷாங்காய் மாநகர அரசு. வாடிக்கையாளரும் அரசு, போட்டியாளரான லாங் மார்ச்சும் அரசு. நடுவில் நிற்கும் கம்பெனி என்ன விலை பேசிவிடும்?

தரைச் சோதனைச் செய்தியைத் தாண்டிப் போவது

2024 ஜூன் 30, ஹெனான் மாகாணத்தின் கோங்யி. ராக்கெட்டைக் கட்டிவைத்து இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஸ்பேஸ் பயனியர் என்ற தனியார் கம்பெனியின் தியான்லாங்-3 ராக்கெட் கட்டை அறுத்துக்கொண்டு கிளம்பி மலையில் விழுந்து வெடித்தது. இதைப் படிக்காமல் அந்தக் கம்பெனியின் அடுத்த அட்டவணையைப் படிக்காதீர்கள்.

கான்செப்ட் பங்கு

விண்வெளியோடு ஏதோ தொடர்பு இருக்கிறது என்ற பேச்சிலேயே விலை ஏறும் பங்கைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். வாங்குமுன் அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, விண்வெளி வருமானம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

ஐபிஓ வந்தே தீரும் என்ற கணக்கு

ஐபிஓ என்றால் கம்பெனி முதல்முறையாகப் பங்குச் சந்தைக்கு வருவது. சாங்குவாங் சாட்டிலைட் என்ற செயற்கைக்கோள் கம்பெனி அதற்கு 2022 இறுதியில் விண்ணப்பித்தது, 2024 இறுதியில் வாபஸ் வாங்கியது. அந்த இரண்டு வருடமும் உள்ளே போன பணம் உள்ளேயேதான்.