பழைய ஸ்வெட்டர், வெந்நீர், ஒரு பாட்டுப் போட்டி

பூச்சி அரித்த, முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளி ஸ்வெட்டர் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெந்நீரில் வேண்டுமென்றே சுருக்கினால் அது கெட்டியான ஃபெல்ட் துணியாகிவிடும், எந்தப் பக்கம் வெட்டினாலும் நூல் பிரியாது. இதில் பாதி வேலை காத்திருப்பு, மீதி கைத்தையல், அதனால் டிவியில் ஒரு பாட்டுப் போட்டியை ஓடவிட்டுக்கொண்டுதான் நான் உட்காருவேன்.

முதலில் லேபிளைப் பாருங்கள். முழுக் கம்பளி என்றால் ரொம்ப நல்லது, 80 சதவீதம் இருந்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். ‘கையால் மட்டும் துவைக்கவும்’ என்று போட்டிருந்தால் சந்தோஷப்படுங்கள், அதைத்தான் மீறப்போகிறோம். ‘சூப்பர்வாஷ்’ என்றிருந்தால் விட்டுவிடுங்கள். கம்பளி இழையின் மேல் மீனுக்கு இருப்பது போல நுண்ணிய செதில்கள் உண்டு, சூடும் ஈரமும் சோப்பும் சேர்ந்து உரசும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்வதால்தான் துணி இறுகுகிறது, சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை முன்பே மழுக்கியோ பூச்சால் மூடியோ வைத்திருப்பார்கள். அக்ரிலிக் என்ற செயற்கை நூலை எத்தனை தடவை போட்டாலும் சுத்தமாகும், அவ்வளவுதான்.

பொத்தான், ஜிப்பைக் கழற்றிவிட்டு, ஓரத் தையலை ஒட்டி வெட்டி முன்பக்கம், பின்பக்கம், கைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தைத்தபடியே போட்டால் அந்த மடிப்பு அப்படியே இறுகிப்போய் இஸ்திரிக்கும் அடங்காது. துண்டுகளை ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போடுங்கள், இல்லையென்றால் உதிரும் கம்பளிப் பஞ்சு வாஷிங் மெஷினின் ஃபில்டரை அடைத்துவிடும். கொஞ்சம் சோப்பு, 60 டிகிரி வெந்நீர், கூடவே போட்டு உரசவைக்க, சாயம் போகாத பழைய ஜீன்ஸ் ஒன்று. குளியல் டவல் வேண்டாம், அதன் நூல் கம்பளியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

மேல்மூடி மெஷின் என்றால் ஒவ்வொரு விளம்பர இடைவேளைக்கும் எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பின்னல் கண்ணிகள் இன்னும் தனித்தனியாகத் தெரிந்தால் ஓடட்டும், கண்ணி மறைந்து துணி வழவழப்பில்லாமல் தடிப்பாக நின்றால் போதும். முன்கதவு மெஷினை நடுவில் திறக்க முடியாது, அதில் சின்னச் சுற்றாகப் போட்டு, போதாவிட்டால் மறுபடி போடுங்கள். சுருங்கியதைத் திரும்ப விரிக்க முடியாது என்பதால் அவசரப்படாமல் இருப்பது நல்லது. பிறகு முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே கையால் நீவிச் சமன் செய்து, படுக்கைவாட்டில் காயவிடுங்கள்.

தைக்கும் நேரத்துக்கு நடன நிகழ்ச்சி சரிப்படாது, கண் திரைக்குப் போனால் ஊசி விரலுக்குப் போகும். எனக்குப் பிடித்தது 2010இல் நெதர்லாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்குப் போன ‘தி வாய்ஸ்’ வகை நிகழ்ச்சிதான். முதல் சுற்றில் நடுவர்களே பாடுபவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குரலை மட்டும் கேட்பார்கள், தலை குனிந்து தைக்கும் நமக்கும் அதே நிலைமை, நாற்காலி திரும்பும் சத்தத்துக்கு மட்டும் நிமிர்ந்தால் போதும்.

என்ன செய்யலாம்? கை இரண்டும் தண்ணீர் பாட்டிலுக்கு உறை, முன்பக்கம் பை, சின்னச் சதுரங்கள் கோப்பைக்கு அடியில் வைக்க. சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்கு இரண்டு அடுக்காக வைத்துத் தையுங்கள், கம்பளி எளிதில் தீப்பிடிக்காது. ஓரத்தை மடிக்கவே தேவையில்லை, அழகுக்கு வேண்டுமானால் தடித்த நூலில், ஓரத்தைச் சுற்றிவரும் போர்வைத் தையல் (பிளாங்கெட் ஸ்டிச்) போடலாம். வெட்டி மிஞ்சிய பொடித் துண்டுகளை ஊசி குத்தும் மெத்தைக்குள் திணித்துவிடுங்கள்.