துணி டயப்பர்: முதலில் மூன்றே மூன்று வாங்குங்கள்

ஆஃபரில் இருபது டயப்பர் செட் கண்ணில் பட்டதும் வாங்கிவிடாதீர்கள். நான் ஏழாம் மாதத்திலேயே வாங்கி அடுக்கி வைத்தேன். குழந்தை பிறந்த பிறகு பார்த்தால், அந்தக் குச்சிக் காலுக்கு எந்தப் பட்டனைப் போட்டாலும் தொடையில் இடைவெளி, நனைந்ததெல்லாம் என் நைட்டிதான். எல்லா வயதுக்கும் ஒரே சைஸ் என்று போட்டிருந்தாலும், நாலு கிலோ தாண்டும்வரை பெரும்பாலும் சரியாக உட்காராது. அதுவரை பழைய வேட்டியைக் கிழித்து நாடா வைத்துத் தைத்த நாப்பியே போதும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் நிறையத் தைத்து வையுங்கள்.

அப்புறம் மூன்று டயப்பர், முடிந்தால் வேறு வேறு மாடலில். வெளியே தண்ணீர் கசியாத துணி, உள்ளே உறிஞ்சுவதற்கு இன்செர்ட் என்கிற துணிப் பட்டை, அவ்வளவுதான் விஷயம். மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழை இன்செர்ட் சட்டென்று உறிஞ்சும், ஆனால் குழந்தை அழுந்தி உட்கார்ந்தால் ஈரத்தைக் கக்கிவிடும். தோலை வறட்டிவிடும் என்பதால் நேரடியாக உடம்பில் படவும் கூடாது. பருத்தி மெதுவாக உறிஞ்சினாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். புதுப் பருத்தியை மட்டும் அப்படியே போட்டுவிடாதீர்கள். நாலைந்து முறை துவைத்துக் காயவைத்துவிட்டு ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் துவைக்க வேண்டும்.

ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் பலருக்குச் சிக்கல் போடும் விதத்தில்தான். கால் எலாஸ்டிக் தொடையின் மேல் இல்லாமல், ஜட்டி போடுவதுபோல் தொடை இடுக்கில் போய் உட்கார வேண்டும். போட்டபின் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். இடைவெளியும் கூடாது, விரல் நுழையச் சிரமப்படவும் கூடாது. இன்செர்ட்டின் நுனி துளி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் ஈரம் அதன் வழியாகச் சட்டைக்கு ஏறிவிடும்.

துவைப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் எளிதாகக் கரைந்துவிடும், ஆறு மாதத்துக்குப் பிறகு இட்லியும் பருப்புச் சாதமும் ஆரம்பித்தால்தான் கழிவறையில் பைப்பைப் பிடித்து அடித்துவிட வேண்டும். வாளியில் ஊற வைக்காமல் அலசிக் காற்றோட்டமாகப் போட்டு வைத்து, இரண்டு நாளுக்குள் மெஷினில் முதலில் ஒரு அலசல், பிறகு சோப்புத்தூளோடு ஒரு முழுச் சுற்று. வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், அது துணியில் படிந்து உறிஞ்சவிடாமல் செய்துவிடும். புண்ணுக்குத் தடவும் கெட்டியான கிரீமும் அப்படித்தான், தடவினால் நடுவில் ஒரு மெல்லிய துணி போடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தூளைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டியிருக்கும். இன்செர்ட்டை மொட்டை மாடி வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறை தானாக வெளுக்கும். வெளி உறையை நிழலில்.

இரவுக்கு இரண்டு இன்செர்ட். பிட்டம் மூட்டை மாதிரித் தெரியும், ஒன்றும் ஆகாது, கவுனை ஒரு சைஸ் பெரிதாகப் போட்டுவிடுங்கள். பஸ் பயணத்துக்கு நான் இன்றைக்கும் ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் கடை டயப்பர்தான் போடுகிறேன்.