பிள்ளைகளோடு கலங்கரை விளக்கம் பார்க்கப் போகிறீர்களா? மாமல்லபுரத்தில் ஒரு மாலை, ஒரு இரவு

மாமல்லபுரத்துக்குப் போனால் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை என்று சுற்றுகிறோம். நேரம் மிஞ்சினால் கலங்கரை விளக்கத்தில் ஏறி நாலு படம் எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் ஈசிஆரை (கிழக்குக் கடற்கரைச் சாலையை)ப் பிடித்துவிடுகிறோம். நாங்களும் இரண்டு முறை அப்படித்தான் போய் வந்தோம். மூன்றாவது முறை இரவு தங்கினோம். அன்றைக்குத்தான் என் மகள் அந்த விளக்கு எரிவதைப் பார்த்தாள். பகலில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது, தேர் நிலைக்கு வந்த பிறகு திருவிழாவுக்குப் போவது மாதிரி. அதனால் கீழே சொல்லும் முறை இரவையும் சேர்த்தது.

1. முதல் நாள் இரவே வீட்டில் ஆரம்பியுங்கள்

ஒரு டார்ச் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, டார்ச்சை நெஞ்சோடு பிடித்தபடி மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்து, வெளிச்சம் தம் முகத்தில் படும்போதெல்லாம் எண்ண வேண்டும். டார்ச் அணையவே இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவருக்கு அது பளிச், இருட்டு, பளிச் என்றுதான் தெரியும்.

சுழலும் லென்ஸ் உள்ள கலங்கரை விளக்கம் முழுக்க இதுதான். உள்ளே விளக்கு நிலையாக எரிகிறது, அதைச் சுற்றி லென்ஸ் சுழல்கிறது. இதை முன்னாலேயே விளையாடிப் பார்த்த பிள்ளைக்கு மேலே போனதும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

2. சாயங்காலம் நாலு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள்

இது கிழக்குக் கடற்கரை. காலையில் கடல் பக்கம் வெயில் கண்ணைக் கூசும். மதியத்துக்குப் பிறகு சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், கடல் தெளிவாகத் தெரியும். பார்வை நேரம் மாறக்கூடும், மதிய இடைவேளையும் உண்டு. ஊருக்குள் நுழைந்ததும் முதலில் டிக்கெட் கவுன்டரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மற்ற இடங்களுக்குப் போகலாம்.

3. ஏறும்போது

கோபுரமே ஒரு பாறைக் குன்றின் மேல்தான் நிற்கிறது. அதனால் உள்ளே படி ஏறுவதற்கு முன்பே பாறையில் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும். வார் வைத்த செருப்பு அல்லது ஷூ நல்லது. தொப்பி வேண்டாம், மேலே காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். சின்னப் பிள்ளையைப் பெரியவருக்கு முன்னால் ஏற விடுங்கள், இறங்கும்போது பெரியவர் முன்னால் போகட்டும். உயரம் என்றால் தலை சுற்றும் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

இயற்கைக் கல்லால் கட்டிய இந்த வட்டக் கோபுரம் 1904 முதல் முழுமையாக இயங்குகிறது. ஏறும்போது சுவர்க் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. மேலே போனதும் உடனே போனை எடுக்காதீர்கள்

முதலில் தொடுவானத்தைக் காட்டுங்கள். கடற்கரையில் நிற்கும் பெரியவரின் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டரில் முடிந்துவிடும். 45 மீட்டர் உயரத்தில் நின்றால் அது சுமார் 24 கிலோமீட்டருக்குப் போய்விடுகிறது. விளக்கை உயரத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான். பூமி உருண்டை என்பதைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட, இங்கே நின்று யோசித்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் அந்தத் திசையில் படம் எடுக்க அனுமதி இல்லை. ஊழியர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

லென்ஸ் கண்ணில் பட்டால் அதன் வளையங்களைக் காட்டுங்கள். பெரிய லென்ஸ் ஒன்றை ஒரே கண்ணாடியாகச் செய்தால் கனம் தாங்காது. அதனால் பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ரெனல் அதை வளையம் வளையமாகப் பிரித்தார். 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதலில் எரிந்தது.

5. இறங்கியதும் பக்கத்துக் கோயிலைத் தவறவிடாதீர்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மகிஷாசுரமர்த்தினி குகைக்கு நேர் மேலே ஒலக்கணேஸ்வரர் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கட்டடம், மேலே விமானம் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. புதுக் கோபுரம் வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர் இந்தக் கோயில் கூரையில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். பழைய விளக்கும் புதிய விளக்கும் ஒரே குன்றில் பக்கம் பக்கமாக நிற்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அங்கேயே உட்கார்ந்து பெயரின் கதையையும் சொல்லிவிடுங்கள். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அதே கரைதல்தான். சங்க காலத்துப் பெரும்பாணாற்றுப்படையில் ஏணி சாத்தினாலும் ஏற முடியாத உயரம், கூரை வேயாத மாடம், இரவில் ஏற்றிய சுடர், அது ஓடுகிற கலங்களைக் கரைந்து அழைக்கும் துறை என்று எல்லாம் வருகிறது. கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு! இதைக் கேட்டதும் என் மகள் கோபுரத்தைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

6. இருட்டிய பிறகு எண்ணுங்கள்

சாப்பிட்டு முடித்ததும் கோபுரம் தெரிகிற, தெருவிளக்கு குறைவான இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஒரு பளிச் வந்ததும் 'பூஜ்யம்' என்று ஆரம்பித்து, அதே பளிச் மறுபடி வரும்வரை விநாடி எண்ணுங்கள். சில விளக்குகள் ஒரு முறை மின்னும், சில இரண்டு மூன்று மின்னிவிட்டு நீண்ட நேரம் இருட்டாக இருக்கும். பக்கத்துப் பக்கத்து விளக்குகளுக்கு ஒரே கணக்கு வைக்க மாட்டார்கள். இருட்டில் வரும் மாலுமி அந்தக் கணக்கை வைத்துத்தான் இது எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறார். ஒரு தடவை எண்ணி விட்டுவிடாதீர்கள், மூன்று தடவை எண்ணி நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

7. திரும்பும் வழியில் மெரினா

முட்டி வலி உள்ள தாத்தா பாட்டிக்குச் சென்னை மெரினா கலங்கரை விளக்கம்தான் சரி. 1977இல் திறந்தது, லிஃப்ட் இருக்கிறது. பல ஆண்டுகள் பாதுகாப்புக் காரணமாக மூடியிருந்து, 2013இல் மறுபடி மக்களுக்குத் திறந்தார்கள். பொதுவாகத் திங்கட்கிழமை விடுமுறை. இதற்கு முன்னால் நகரத்துக்கு விளக்கு எரிந்தது உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில், 1894 முதல். அதற்கும் முன்னால், 1844இல் கட்டிய கல்தூண் ஒன்றில். அந்தத் தூண் இன்றும் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

மாமல்லபுரத்தில் கீழேயே உட்கார்ந்திருந்த என் அம்மா, மெரினாவில் மேலே வந்து சாந்தோம் தேவாலயத்தையும் குப்பத்துப் படகுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் காட்டினார். இறங்கியதும் பேத்தியிடம், "இதுக்கு எத்தனை பளிச்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. சுண்டல் வாங்கிக்கொண்டு இருட்டும்வரை மணலில் உட்கார்ந்தோம்.