தாளிப்பு தெறிக்கும் சமையலறைக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் மழை விட்டாலும் ஈரம் விடாது. மரத்தூள் பலகை அலமாரி சிங்க் அடியில் உப்பிப்போனது. மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. இப்போது அலுமினிய அலமாரி. கொஞ்சம் தகரச் சத்தம் போடும், போகட்டும்.

மேடைக்கு மார்பிள் வேண்டாம். புளி, எலுமிச்சை பட்ட இடம் மங்கிவிடும். கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்யும் குவார்ட்ஸ் பலகை எளிதில் கறை பிடிக்காது. ஆனால் கொதிக்கும் சட்டியை அதன்மேல் நேராக வைக்காதீர்கள், அதிலுள்ள பிசின் சூடு தாங்காது.

சுவரில் தொல்லை தருவது டைல்ஸ் இல்லை, இடுக்கில் பூசும் சிமெண்ட்தான். மஞ்சளையும் எண்ணெயையும் உறிஞ்சிவிடும். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் போட்டால் இடுக்கே குறையும். மிச்ச இடுக்குக்கும் சிமெண்டுக்குப் பதில் எபோக்சி என்ற பிசின் கலவையைப் பூசச் சொல்லுங்கள். சீக்கிரம் இறுகிவிடும் என்று வேலைக்காரர் முனகுவார், கூலியும் கூடும், சரி, கொடுக்கலாம். அப்புறம், தரைக்குப் பளபளப்பு டைல்ஸ் வேண்டாம், எண்ணெய் சிந்தினால் வழுக்கும்.